தங்க வந்தவருக்கு வானிலையைச் சொல்லுங்கள்: விடுதி நடத்துவோருக்கும் பயண ஏற்பாட்டாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

ஹோட்டல், லாட்ஜ், ஹோம்ஸ்டே, கூடார முகாம் நடத்துகிறவர்களுக்கும், ஆள் சேர்த்துப் பேருந்திலும் வேனிலும் அழைத்துப் போகிறவர்களுக்கும் இந்த மடல். அறைச் சாவியைக் கொடுக்கும்போது வைஃபை கடவுச்சொல், காலை உணவு நேரம், அறையைக் காலி செய்யும் நேரம் மூன்றையும் ஒருவர் விடாமல் சொல்கிறீர்கள். நடுராத்திரியில் புயலோ வெள்ளமோ வந்தால் எந்த மாடிக்கு, எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்பதை மட்டும் சொல்வதில்லை. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று கேட்கவே எழுதுகிறோம். சொல்ல அரை நிமிடம் போதும். சொல்வதற்கு உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டுமே, உழைப்பு தேவைப்படுவது அங்கேதான்.

எந்த ஓடை முதலில் கரை தாண்டும், எந்தப் பாலம் மூழ்கும், சைரன் ஊதினால் என்ன அர்த்தம் என்பதெல்லாம் உள்ளூர்க்காரருக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வந்தவருக்குத் தெரிந்தது உங்கள் விடுதியின் பெயரும் ஊரின் பெயரும்தான். வானிலை எச்சரிக்கையோ மாவட்டம், வட்டம், ஆற்றுப்படுகை என்று பெயர் சொல்லி வருகிறது. அமெரிக்காவில் 2007 முதல் சுழற்காற்று (டொர்னாடோ) எச்சரிக்கையை வரைபடத்தில் ஒரு பலகோணமாகக் குறித்து வெளியிடுகிறார்கள். ஆனாலும் வானொலியில் காதில் விழுவது பெரும்பாலும் கவுண்டியின், அதாவது அங்குள்ள மாவட்டத்தின், பெயர். தான் படுத்திருக்கும் கட்டில் எந்தக் கவுண்டியில் இருக்கிறது என்று எத்தனை பயணிக்குத் தெரியும்?

எண்கள் இன்னும் குழப்பும். புயலுக்கு அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் 1 முதல் 5 வரை வகை பிரிக்கின்றன, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அமெரிக்காவின் சஃபிர்-சிம்ப்சன் அளவுகோலில் 3-ஆம் வகை மணிக்கு 178 கிலோமீட்டரில் தொடங்குகிறது. ஆஸ்திரேலியாவின் 3-ஆம் வகையோ 118 கிலோமீட்டரிலேயே தொடங்கிவிடும். காற்றின் வேகத்தை அமெரிக்கா ஒரு நிமிடச் சராசரியாகச் சொல்கிறது, இந்திய வானிலைத் துறை மூன்று நிமிடச் சராசரியாகச் சொல்கிறது, பல நாடுகள் பத்து நிமிடச் சராசரியாகச் சொல்கின்றன. ஹாங்காங்கில் புயல் எச்சரிக்கை எண் 3-க்கு அடுத்து நேரே 8. இடையில் 4 வரும் என்று காத்திருப்பவர் பேருந்தும் படகும் நின்றபின் தெருவில் நிற்பார். ஜப்பானின் ஐந்து நிலை எச்சரிக்கையில் ஆபத்தான இடத்தில் இருக்கும் அனைவரும் வெளியேற வேண்டியது 4-ஆம் நிலையில். 5 என்றால் பேரிடர் வந்துவிட்டது அல்லது வாசலில் நிற்கிறது என்று பொருள். ஐந்துதானே உச்சம், அது வரட்டும் என்று இருப்பவர் பிந்திவிட்டார்.

‘போனில் எச்சரிக்கை வருமே’ என்பீர்கள். செல் பிராட்காஸ்ட் முறையில் அனுப்பினால் அந்த டவரின் எல்லைக்குள் இருக்கும் போன்களுக்கெல்லாம், எண் பதிவு எதுவும் இல்லாமல், ரோமிங்கில் இருந்தாலும் வரும். நல்ல ஏற்பாடு. ஆனால் தூங்கப் போகும்போது ஃப்ளைட் மோடில் போட்ட போனுக்கு வராது. ரோமிங் கட்டணத்துக்குப் பயந்து சிம்மைக் கழற்றிவிட்டு வைஃபையை மட்டும் நம்பி இருப்பவருக்கு வரும் என்று எதிர்பார்க்க முடியாது. போனின் செட்டிங்ஸில் எச்சரிக்கையை அணைத்து வைத்திருந்தாலும் வராது. வந்தாலும் அவருக்குப் புரியாத மொழியில் வரலாம். வெளியே ஊதும் சைரனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும்: பெரும்பாலான சைரன்கள் வெட்டவெளியில் இருப்பவருக்காக வைக்கப்பட்டவை. ஏசி ஓடும் மூடிய அறையில் தூங்குபவரை அவை எழுப்பும் என்று யாரும் உறுதி தந்ததில்லை. ஆகவே எழுப்ப வேண்டியவர் நீங்கள்தான்.

முதலில் ஓர் அட்டை அச்சிடுங்கள். அறைக் கதவின் உட்புறம், தீயணைப்பு வரைபடத்துக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். விடுதி இருக்கும் ஊர், வட்டம், மாவட்டம் ஆகியவற்றின் பெயர், எச்சரிக்கையில் எப்படி வருமோ அதே எழுத்தில்; பக்கத்தில் ஓடும் ஆறு அல்லது ஓடையின் பெயர்; பலத்த காற்று என்றால் போக வேண்டிய இடம்; வெள்ளம் என்றால் போக வேண்டிய இடம்; ஊழியர்கள் எப்படி எழுப்புவார்கள் என்பது. இவ்வளவுதான். எழுத்தோடு படமும் இருக்கட்டும், உங்கள் மொழி தெரியாதவரும் வருவார். சாவி கொடுக்கும்போது வாயாலும் ஒரு முறை சொல்லுங்கள், அட்டையைப் படிப்பவர் குறைவு.

காற்றுக்கும் வெள்ளத்துக்கும் இரண்டு இடங்கள் ஏன் என்றால், அவை எதிரெதிர் திசையில் விரட்டுகின்றன. காற்றுக்கு ஒளிய வேண்டியது கீழே, கட்டடத்தின் நடுவே, ஜன்னல் இல்லாத இடத்தில். வெள்ளத்துக்குப் போக வேண்டியது மேலே. கடலோரத்தில் புயலின்போது இரண்டும் சேர்ந்து வரும். கடல்நீர் உள்ளே ஏறும் எல்லைக்குள் உங்கள் கட்டடம் இருந்தால் ‘உள்ளேயே இருக்கலாம்’ என்ற பேச்சுக்கே இடமில்லை, புயல் கரை தொடுவதற்கு முந்தைய பகலிலேயே அனைவரையும் அனுப்பிவிட வேண்டும். நிலத்தடிக் கார் நிறுத்தம் சுழற்காற்றுக்கு நல்ல மறைவிடம். கனமழைக்கு அதுவே பொறி. எது எதற்கு என்று அட்டையில் பிரித்து எழுதாவிட்டால் பீதியில் ஆள் தப்பான பக்கம் ஓடுவார்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கக் கட்டடத்தை ஒரு முறை நடந்து பாருங்கள். பெரிய விருந்து மண்டபத்தில் எல்லோரையும் கூட்டலாம் என்றுதான் முதலில் தோன்றும், அதை விடுங்கள். நடுவில் தூண் இல்லாத அகன்ற கூரை பலத்த காற்றில் முதலில் பிய்த்துக்கொள்ளும் வகை. கண்ணாடி போட்ட வரவேற்புக் கூடமும் ஆகாது. உள்பக்கக் குளியலறைகள், மூடிய மாடிப்படிக் கூண்டு, இரு முனையிலும் கண்ணாடி இல்லாத நடைக்கூடம், பண்டக அறை இவையே சரி. நடைக்கூடத்தில் ஓர் ஆள் சுவரோரம் குந்தி உட்கார்ந்து தலையை மறைக்கும் அளவு அகலம் வைத்து எத்தனை பேர் கொள்ளும் என்று கணக்கிடுங்கள், நிரம்பினால் அடுத்த இடம் எது என்றும் குறித்துவையுங்கள். உயர்ந்த கட்டடமாக இருந்தால் மேலே போகப் போகக் காற்று வலுக்கும். முப்பதாவது மாடி உயரத்தில் காற்று, தரையில் வீசுவதைவிட ஏறக்குறைய ஒரு புயல் வகை கூடுதலாக இருக்கும் என்பது அமெரிக்கப் புயல் மையத்தின் கணக்கு. மேல் மாடி அறைகளைக் காற்று ஏறும் முன்பே காலி செய்து நடு மாடிகளுக்கு மாற்றுங்கள். ஜன்னல் கண்ணாடியில் பெருக்கல் குறியாக டேப் ஒட்டும் வழக்கத்தை நிறுத்திவிடலாம். கண்ணாடி உடைவதை அது தடுக்காது, உடையும்போது பெரிய பெரிய துண்டுகளாக விழ வைக்கும். அழுத்தம் சமமாக ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும் என்பதும் கட்டுக்கதை. காற்று உள்ளே புகுந்து கூரையை அடியிலிருந்து தூக்கும்.

தீ அபாய மணியை வானிலைக்கு அடிக்காதீர்கள். நாங்கள் பார்க்கும் திட்டங்களில் அடிக்கடி தென்படும் கோளாறு இது. தீ மணி கேட்டால் வெளியே திறந்த முற்றத்தில் கூட வேண்டும் என்று எல்லோரும் பழகியிருக்கிறார்கள். ஆலங்கட்டியும் மின்னலும் பறக்கும் தகரமும் உள்ள நேரத்தில் அதே மணி அடித்தால், பழகியபடியே முற்றத்துக்கு வருவார்கள். வேறு ஒலி வேண்டும், அதோடு ஆள் குரலும் வேண்டும்: மாடிக்கு ஒருவர், கையில் டார்ச், கழுத்தில் விசில், மாஸ்டர் சாவி, கதவைத் தட்டி இரண்டே வாக்கியம். காது கேளாதவர், தனியாகப் படி இறங்க முடியாதவர், மிகச் சிறு குழந்தையோடு இருப்பவர் எந்த அறையில் என்று பதிவேட்டில் குறித்திருந்தால் அந்தக் கதவுக்கு முதலில் போகலாம். இதைச் செக்-இன் நேரத்தில் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

மின்சாரம் போனபின் என்ன ஆகும் என்பதை விளக்கு எரியும்போதே யோசிக்க வேண்டும். கார்டு போட்டுத் திறக்கும் கதவுப் பூட்டுகள் பெரும்பாலும் பேட்டரியில் ஓடுபவை, அவை திறக்கும். ஆனால் புதுக் கார்டு எழுதித் தரும் கருவி உங்கள் மேசை மின்சாரத்தில் ஓடுகிறது. கார்டைத் தொலைத்தவர் வெளியே நிற்பார். விருந்தினர் பட்டியலும் கணினிக்குள் முடங்கும். புயல் அறிவிப்பு உள்ள நாளில் மாலை ஆறு மணிக்கு ஒரு காகிதப் பிரதி எடுங்கள், அறை எண்ணோடு தலை எண்ணிக்கையும் இருக்கட்டும். ‘204, இருவர்’ என்று இருந்தால் தேடலாம். ‘204, நிரம்பியது’ என்றால் என்ன தேடுவது? பம்பு நின்றால் தண்ணீர் நிற்கும். மேல்தொட்டியை நிரப்பி, கழிப்பறைக்கென்று ஒவ்வோர் அறைக்கும் ஒரு வாளி பிடித்து வைக்கச் சொல்லுங்கள். லிஃப்ட்டை ஆள் இல்லாமல் நிறுத்தி வையுங்கள், அதுவும் வெள்ள அபாயம் இருந்தால் அடித்தளத்தில் அல்ல, ஏதாவது ஒரு மேல் மாடியில். ஜெனரேட்டர் நிலத்தடியில் இருந்தால் தேவைப்படும் நேரத்தில்தான் அது மூழ்கும். சிறிய கையடக்க ஜெனரேட்டர் என்றால் கட்டடத்திலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைக்குழாய் ஜன்னலுக்கு எதிர்ப்புறம் பார்க்க வைக்க வேண்டும். மழைக்காக அதை வராந்தாவுக்குள் இழுத்து வைப்பவர்கள் உண்டு. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, தூங்குபவர் விழிக்கமாட்டார்.

காற்று சட்டென்று ஓய்ந்து வானம் வெளுத்தால், விருந்தினர் வெளியே போய்ப் படம் எடுக்கத் தொடங்குவார்கள். அது புயலின் கண்ணாக இருக்கலாம். சில நிமிடங்களிலோ ஒரு மணி நேரத்திலோ எதிர்த்திசையிலிருந்து முழு வேகத்தில் காற்று திரும்பும். வானிலைத் துறை புயல் கடந்துவிட்டது என்று சொல்லும்வரை கதவருகே ஒரு ஊழியர் நிற்கட்டும்.

கூடார முகாம் நடத்துகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் விருந்தினருக்குச் சுவர் இல்லை. ஸ்பெயின் நாட்டின் பியெஸ்காஸ் ஊருக்கு அருகே 1996 ஆகஸ்ட் 7 அன்று மலையோடை ஒன்று பெருகி ஒரு முகாமை அடித்துக்கொண்டு போனது. 87 பேர் இறந்தார்கள். அந்த முகாம் நின்றது, மலையோடை சமவெளிக்கு வந்து வண்டலை விசிறி போலப் பரப்பும் இடத்தில். அப்படிப்பட்ட மண் தட்டையாக, மரம் வளர்ந்து, கூடாரம் போட மிக வசதியாக இருக்கும். அந்த வண்டலைக் கொண்டுவந்து போட்டது பழைய வெள்ளங்கள்தான். 2025 ஜூலை 4 அதிகாலையில் அமெரிக்காவின் டெக்சஸில் குவாடலூப்பே ஆறு முக்கால் மணி நேரத்தில் ஏறத்தாழ 8 மீட்டர் உயர்ந்தது. கரையோர முகாம்களில் தூங்கிக்கொண்டிருந்த சிறுவர் சிறுமியரும் விடுமுறைக்கு வந்த குடும்பங்களும் அதில் மாட்டினார்கள். எச்சரிக்கை நள்ளிரவுக்குப் பின் வெளியாகியிருந்தது. அதைப் படித்துக் கூடாரம் கூடாரமாக எழுப்ப விழித்திருக்கும் ஆள் ஒருவர் வேண்டும் என்பதே இதில் உங்களுக்கான செய்தி.

ஆற்றோர முகாமில் மழைக்காலத்தில் இரவுக் காவல் கட்டாயம். மழை உங்கள் தலைமேல் பெய்ய வேண்டியதில்லை, மேலே மலையில் பெய்தால் போதும். நீர் கலங்குவது, இலையும் குச்சியும் மிதந்து வருவது, தொலைவில் உருளும் ஓசை, இவை ஏதாவது ஒன்று போதும் கிளம்ப. ஓடும் நீர் திடீரென்று குறைவதும் நல்ல அறிகுறியல்ல, மேலே நிலச்சரிவு ஓடையை அடைத்திருக்கலாம். ஆற்றில் ஒரு கல்லிலோ தூணிலோ வண்ணக்கோடு போட்டு, நீர் அதைத் தொட்டால் யாரையும் கேட்காமல் காவலரே அனைவரையும் கிளப்பலாம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். முதலாளிக்குப் போன் போட்டு அனுமதி கேட்கும் முறையில் போகும் நேரம் பெரிது. கிளம்புவது கால்நடையாக, பக்கவாட்டில் மேடு நோக்கி. கார் சாவி தேடி, பள்ளத்தாக்குச் சாலை வழியாக அல்ல.

மின்னலுக்குக் கூடாரமும் திறந்த கொட்டகையும் ஒன்றுதான், இரண்டும் காக்காது. முழுதாக மூடிய கட்டடம் அல்லது உலோகக் கூரையுள்ள மூடிய வண்டி வேண்டும். இடி காதில் விழுந்தால் மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள் என்றே பொருள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் நீச்சல் குளத்தையும் மலைப்பாதையையும் திறக்க வேண்டும்.

பயண ஏற்பாட்டாளர்களே, வண்டியை நிறுத்தும் முடிவு ஓட்டுநருடையது என்று எழுத்தில் கொடுங்கள். அவர் தாமதித்ததற்குக் கூலி பிடிக்கக் கூடாது, பின்னால் உட்கார்ந்திருப்பவர் ‘போகலாம் போகலாம்’ என்று சொல்வதற்கு மதிப்பும் இருக்கக் கூடாது. ஓடும் நீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே நிற்கும் ஆளைத் தள்ளிவிடும். 30 சென்டிமீட்டரில் சிறிய கார் மிதக்கத் தொடங்கும், 60 சென்டிமீட்டரில் பெரிய எஸ்யூவியும் அடித்துச் செல்லப்படும். வண்டி கனமாக இருக்கிறதே என்ற நம்பிக்கை இங்கே தப்பு: நீர் ஏற ஏற, இடம்பெயர்ந்த நீரின் எடை அளவுக்கு வண்டி மேலே தள்ளப்படுகிறது, சக்கரத்தின் பிடி போய்விடுகிறது. கலங்கிய நீருக்கு அடியில் சாலை இருக்கிறதா, அரித்துப் போய்விட்டதா என்பது கண்ணுக்குத் தெரியாது. திரும்பிப் போவதே வழி.

சுழற்காற்றைக் கண்டு மேம்பாலத்தின் அடியில் ஒதுங்குவதும் ஆபத்து. பாலத்தின் இடுக்கில் காற்று நெருங்கி வேகம் கூடும், பறந்து வரும் பொருள் மனிதரைத் தாக்கும். 1999 மே 3 அன்று ஓக்லஹாமாவில் அப்படி ஒதுங்கியவர்கள் இறந்திருக்கிறார்கள். ஆலங்கட்டி மழையில் வண்டியை நிறுத்தி, பெய்யும் திசையை முன்கண்ணாடி பார்க்கும்படி வையுங்கள்: முன்கண்ணாடி இரண்டு அடுக்குக்கு நடுவே படலம் ஒட்டியது, விரிசல் விட்டாலும் நிற்கும், பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் ஒரே அடியில் பொடியாகக் கொட்டிவிடும்.

பனியில் மாட்டிய வண்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக. 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மர்ரி மலை ஊரில் பனி பார்க்க வந்த கூட்டம் சாலையிலேயே சிக்கியது. 20-க்கும் மேற்பட்டோர் கார்களுக்குள்ளேயே இறந்தார்கள். குளிரோடு கார்பன் மோனாக்சைடும் காரணமாகச் சொல்லப்பட்டது. புகைக்குழாயைப் பனி மூடினால், ஹீட்டருக்காக ஓடும் எஞ்சினின் புகை வண்டிக்குள் திரும்பும். ஆகவே முதலில் இறங்கிப் புகைக்குழாயைச் சுற்றித் தோண்ட வேண்டும், எஞ்சினை மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் ஓட்ட வேண்டும், காற்று வீசாத பக்கத்து ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைக்க வேண்டும், வண்டியைவிட்டு நடந்து போகக் கூடாது. விடுதிக்காரர்களும் கேளுங்கள்: அந்த நாள்களில் அறை வாடகையைக் கன்னாபின்னாவென்று ஏற்றினார்கள் என்ற குற்றச்சாட்டில் சில விடுதிகளுக்கு முத்திரை வைக்கப்பட்டது. சாலை அடைபட்ட இரவில் அறை இல்லை என்றாலும் கூடத்தின் தரை இருக்கிறது. அதைத் திறந்துவிடுவதை ஒரு விதியாகவே எழுதி வையுங்கள்.

வெயிலும் கடும் வானிலைதான், அதைக் கணக்கில் எடுப்பவர் குறைவு. 2024 ஹஜ் பயணத்தில் இறந்தவர்கள் 1,301 பேர் என்று சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் அனுமதிப் பதிவு இல்லாமல் வந்தவர்கள். நிழலும் குளிர்ந்த கூடாரமும் வண்டியும் இல்லாமல் வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். ஆள் பட்டியலில் இல்லாதவருக்கு உதவியும் இல்லை. உங்கள் குழுவில் கடைசி நிமிடத்தில் சேர்த்துக்கொண்டவர் பெயரும் பட்டியலில் ஏறட்டும். நடைப் பயணத்தை நண்பகலிலிருந்து நகர்த்துங்கள். பேச்சு குழறி, நடை தள்ளாடினால் அது களைப்பு என்று உட்கார வைத்துவிடாதீர்கள்: நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெல்லாம் குளிர்ந்த நீர் ஊற்றி, விசிறிக்கொண்டே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

இனிப் பணம். ரத்து செய்தால் திரும்பக் கிடைக்காது என்ற உங்கள் நிபந்தனைதான் பலரைப் புயலுக்குள் வண்டி ஓட்ட வைக்கிறது என்பது எங்கள் உறுதியான கருத்து. உங்கள் மாவட்டத்துக்கு அதிகாரப்பூர்வ உச்ச எச்சரிக்கை வந்த நாளில் தேதியை இலவசமாக மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு வரி சேர்த்தால் அந்த நெருக்கடி போய்விடும். காப்பீடு எடுத்திருப்பார்களே என்று விட்டுவிடவும் முடியாது. புயலுக்குப் பெயர் வைத்தபின் எடுக்கும் காப்பீடு பொதுவாக அந்தப் புயலுக்குச் செல்லாது. முன்பதிவின்போதே இதைச் சொல்லிவிடுங்கள். விமான நிறுவனங்களுக்குக்கூட ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதியில், மோசமான வானிலைக்கு இழப்பீடு தர வேண்டாமே தவிர, காத்திருப்போருக்கு உணவும் தங்குமிடமும் தந்தாக வேண்டும்.

எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதும் உங்கள் கையில் இருக்கிறது. 1996 ஆகஸ்டில் அமர்நாத் பாதையில் பனிப்புயலில் 240-க்கும் மேற்பட்டோர் இறந்தபின்தான் யாத்திரிகர் எண்ணிக்கைக்கும் வயதுக்கும் வரம்பு வைக்க விசாரணைக் குழு பரிந்துரைத்தது. 2013 ஜூனில் கேதார்நாத் வெள்ளத்தில் யார் மேலே போனார்கள், யார் இறங்கினார்கள் என்று சொல்ல முழுப் பட்டியல் இல்லை. அடுத்த ஆண்டு யாத்திரிகர்களுக்குப் பயோமெட்ரிக் பதிவு வந்தது. உங்கள் மேசையில் உள்ள காகிதப் பட்டியலின் ஒரு பிரதி உள்ளூர் நிர்வாகத்திடமும் போய்ச் சேர வேண்டும் என்று நாங்கள் கேட்பது இதனால்தான்.

புயல் போனபின் வெளியே விடும் முன்பு, அறுந்து கிடக்கும் கம்பியிலிருந்து 10 மீட்டர் விலகி நிற்கச் சொல்லுங்கள். வீட்டாருக்குச் செய்தி சொல்ல அழைப்பதைவிடக் குறுஞ்செய்தி அனுப்பச் சொல்லுங்கள், நெரிசலான டவரிலும் அது போய்ச் சேர வாய்ப்பு அதிகம். போனுக்குச் சார்ஜ் போட ஜெனரேட்டரிலிருந்து ஒரு பொதுப் பலகை வையுங்கள். அன்று இரவு உங்கள் விடுதியில் அதிகம் தேடப்படும் பொருள் அதுவாகத்தான் இருக்கும்.

கடைசியாக ஒத்திகை. பகலில், மேலாளர் முன்னிலையில், முழு ஊழியர்களோடு செய்யும் ஒத்திகை ஆவணத்துக்கு மட்டும் ஆகும். இரவு ஊழியர் இருவர் மட்டும் இருக்கும் நேரத்தில், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுச் செய்து பாருங்கள். எச்சரிக்கை வந்த நொடியிலிருந்து கடைசி ஆள் மறைவிடத்தில் உட்காரும்வரை கடிகாரம் ஓடட்டும். சுழற்காற்று எச்சரிக்கைக்கும் அது தாக்குவதற்கும் நடுவே கிடைப்பது பல நேரம் 10, 15 நிமிடம்தான், சில நேரம் அதுவும் இல்லை. உங்கள் கணக்கு அதைத் தாண்டினால் மறைவிடத்தை அருகே கொண்டுவாருங்கள், அல்லது இரவுப் பணிக்கு இன்னும் ஓர் ஆளைப் போடுங்கள். அடுத்த மழைக்காலத்துக்கு முன்பு இந்த ஒன்றையாவது செய்து, எத்தனை நிமிடம் ஆனது என்று அட்டையின் அடியில் தேதியோடு எழுதி ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
வானிலை எச்சரிக்கையிலும் பேரிடர் மீட்பிலும் பணியாற்றுவோர்